கண்டதும் கருதியதும்

“கண்ணால் காண்பதும் பொய்” என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. இதனை மேற்கோளாகக் காட்டி, கண்டவர் கூறும் சான்றைப் புறக்கணிப்பதே அறிவுடைமை என்று எண்ணுவோர் பலர். அஃது எனக்கு உடன்பாடன்று. கண் பெரும்பாலும் பொய்ப்பதில்லை. கண்டதனோடு கருதியதையும் கலந்து உரைக்கும் நாவே நம்மை மயக்குகின்றது.

காண்டல், கருதல், உரை என நம் முன்னோர் அளவைகளை வகுத்தனர். இன்னதென்று அறியப்படாத ஒளியொன்றை வானத்தில் கண்டதாக ஒருவர் கூறுகின்றார் எனக் கொள்வோம். ‘அந்தப் பனையின் உச்சிக்கு நேராகத் தோன்றிற்று’ என்பது காண்டல். ‘அரை மைல் தொலைவில், முறத்தின் அளவாய்ப் பறந்தது’ என்பது கருதல். வானில் தோன்றும் அறியாப் பொருளின் தொலைவை வெறுங்கண்ணால் அளத்தல் இயலாது. தொலைவு தெரியாதபோது பருமனும் தெரியாது. கண் செவ்வையாகக் காட்டுவது திசையை மட்டுமே.

திசையொன்றையே கொண்டு இடத்தை அறிதல் கூடுமோ எனின், கூடும். கார்த்திகைத் தீபத்தன்று வேங்கிக்காலில் நிற்பவர்க்குத் திருவண்ணாமலையின் உச்சிச் சுடர் தென்மேற்கே தோன்றும். மலையின் மறுபுறம் அடிஅண்ணாமலையில் நிற்பவர்க்கோ அதுவே தென்கிழக்கே தோன்றும். இருவர் உரையும் வேறுபடுதலின் ஒருவர் பொய்யர் ஆவரோ? நிலப்படத்தில் அவ்விரண்டு ஊர்களிலிருந்தும் அவரவர் சுட்டிய திசையில் கோடு இழுங்கள். இரண்டும் வெட்டும் இடமே மலையுச்சி! உரைகளின் வேறுபாடே உண்மைக்கு வழிகாட்டியாயிற்று.

1719ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இங்கிலாந்தின் வானில் பேரொளியுடன் எரிமீன் ஒன்று பாய்ந்தது. எட்மண்டு ஹேலி என்னும் வானநூல் அறிஞர், பல ஊரினர் கண்டு கூறியவற்றைத் தொகுத்து ஒப்பிட்டு, அது 60 மைலுக்கும் மேற்பட்ட உயரத்தில் சென்றது எனக் கணித்தார்.

இனி, கோடுகள் வெட்டாமல் ஒரே திசை நோக்கிச் செல்லுமாயின், பொருள் மிகமிகத் தொலைவில் உள்ளது என்று அறிக. நாம் நடக்க நிலவும் உடன்வருவதுபோல் தோன்றுதல் இதனாலன்றோ?

2012 ஆகஸ்டு முதல் 2013 பிப்ரவரி வரை லடாக் எல்லையில் நம் படைவீரர்கள் இனமறியா ஒளிப்பொருள்களை 329 முறை கண்டு பதிவு செய்தனர். அண்டை நாட்டின் உளவு வானூர்திகளோ என்னும் ஐயம் எழுந்தது. பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் இதனை ஆராய்ந்தனர். நம் சவ்வாது மலையில், காவலூர் வானாய்வகத்தை நடத்துவோரும் இவர்களே. அப்பொருள்கள் வானில் நகர்ந்த முறையை ஆராய்ந்து, அவை வெள்ளியும் வியாழனுமே எனத் தெளிந்தனர். வீரர்கள் ஒளியைக் கண்டது மெய். அஃது எல்லை கடந்து வந்தது எனக் கருதியதே பிழை. இரு நாட்டுப் படைகள் எதிரெதிர் நிற்குமிடத்தில், அக்கருதலை நம்பி ஒரு படை சினந்தெழுந்திருப்பின் எத்துணைக் கேடு விளைந்திருக்கும்!

ஆதலின், மாணவர்களே, கண்டவரை இகழாதீர்கள். வினவும் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். ‘எவ்வளவு தொலைவு? எவ்வளவு பெரிது?’ என்று முதலில் கேளாதீர்கள். அவர் நின்ற இடத்திற்கே அழைத்துச் சென்று, கண்ட திசையைக் கையால் சுட்டச் சொல்லுங்கள். நீட்டிய கையின் முட்டி ஒன்று ஏறத்தாழ 10 பாகை. அதனைக் கொண்டு உயரத்தை அளந்து, நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பலர் கண்டிருப்பின் தனித்தனியே வினவுங்கள். கூடிப் பேசிய பின்னர் எல்லார் உரையும் ஓருரை ஆகிவிடும்.

வானத்து ஒளிக்கு மட்டுமன்றித் தெருவில் நிகழும் பூசலுக்கும் இம்முறை பொருந்தும். ‘அவன் கல்லை எடுத்தான்’ என்பது காண்டல். ‘என்னை அடிக்கவே எடுத்தான்’ என்பது கருதல். இவ்விரண்டையும் பிரித்தறிபவனே நல்ல சான்றாளன். பிரித்துக் கேட்பவனே நல்ல நடுவன்.