மளிகைக் கடையின் பின்கட்டு

1957 ஜனவரி 7. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலம், ஜான்ஸ் தீவு. ஒரு கூட்டுறவு மளிகைக் கடையின் பின்கட்டில் பதினான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பகலெல்லாம் உழைத்துக் களைத்து வந்த கறுப்பின மக்கள். வெள்ளையர் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்றே பள்ளிக்கூடத்தைக் கடைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார்கள். பாடம் நடத்த வந்த பெர்னிஸ் ராபின்சன் ஆசிரியை அல்ல. கூந்தல் அலங்காரமும் தையலும் அவர் தொழில். தனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியாது, எல்லோரும் சேர்ந்தே கற்போம் என்றுதான் அன்று தொடங்கினார்.

கறுப்பினப் பெண்களிடம் தலைமையை வளர்ப்பது பற்றிப் பேசுகிற எவரும் அந்தப் பின்கட்டுக்குள் ஒருமுறை போய்வர வேண்டும்.

அந்த மாநிலத்தில் வாக்காளராகப் பதிய, அரசமைப்புச் சட்டத்தின் ஒரு பகுதியை அதிகாரி முன் வாசித்துக் காட்டச் சொல்வார்கள். கறுப்பினத்தவரை வெளியே நிறுத்தப் போட்ட வேலி அது. தீவிலிருந்து சார்ல்ஸ்டன் நகருக்கு வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிச் சென்ற ஈசா ஜென்கின்ஸ், பேருந்திலேயே அந்தப் பகுதியைச் சொல்லிக்கொடுத்தார். கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்த ஒரு பெண் பதிவும் செய்துவிட்டார். அதோடு அவர் ஓயவில்லை; தனக்கு உண்மையிலேயே படிக்கத் தெரிய வேண்டும் என்றார். பள்ளிக்கான விதை அந்தப் பேச்சில் இருக்கிறது.

கொண்டுவந்த பால பாடப் புத்தகங்களை ராபின்சன் ஓரம் வைத்தார். உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று கேட்டார். கையெழுத்துப் போட வேண்டும், பைபிள் படிக்க வேண்டும், மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும் என்றார்கள். அட்டையில் பெரிதாக எழுதிய சொந்தப் பெயரின் மேல் பென்சிலை ஓட்டி ஓட்டி, உழைத்துக் காய்த்த விரல்கள் எழுத்துக்குப் பழகின. பலகையில் எழுதியிருந்த பெயர்களுக்கு நடுவே ஒரு மூதாட்டி தன் பெயரைக் கண்டுபிடித்துச் சுட்டிக்காட்டிய நாளை ராபின்சன் பல ஆண்டுகள் கழித்தும் சிலிர்ப்போடு சொல்லிவந்தார்.

அவரைத் தேர்ந்தெடுத்தவர் உறவினரான செப்டிமா கிளார்க். காரணம் தெளிவானது. ராபின்சனின் வாடிக்கையாளர்கள் கறுப்பினப் பெண்கள். அவரை வேலையிலிருந்து தூக்க எந்த வெள்ளை முதலாளியாலும் முடியாது. படித்தவர் என்ற மிடுக்கும் அவரிடம் இல்லை.

வேலை போவது என்றால் என்ன என்று கிளார்க்குக்குத் தெரியும். 1916இல், பதினெட்டு வயதில், இதே தீவுக்கு ஆசிரியையாக வந்தவர் அவர். சார்ல்ஸ்டன் அரசுப் பள்ளிகளில் கறுப்பின ஆசிரியர்களுக்கு அன்று இடமில்லை. 132 பிள்ளைகளுக்கு இரண்டே ஆசிரியைகள். கிளார்க்கின் மாதச் சம்பளம் 35 டாலர். அருகிலிருந்த வெள்ளையர் பள்ளியில் மூன்றே பிள்ளைகள், ஆசிரியைக்கு 85 டாலர். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1956இல், அரசு ஊழியர்கள் கறுப்பினத்தவர் உரிமைச் சங்கமான என்ஏஏசிபியில் இருக்கக் கூடாதென மாநிலம் சட்டம் போட்டது. கிளார்க் விலக மறுத்தார். வேலையும் போயிற்று, ஓய்வூதியமும் போயிற்று. டென்னசியின் ஹைலேண்டர் பள்ளி அவரைச் சேர்த்துக்கொண்டது. வேலை போவதற்கு முன்பே, 1955 கோடையில், அவர் அங்கே நடத்திய பட்டறைக்கு வந்தவர்களில் ரோசா பார்க்ஸும் ஒருவர்; மாண்ட்கோமரி பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட்டு எழ பார்க்ஸ் மறுத்தது அதே ஆண்டு டிசம்பரில்.

பின்கட்டு வகுப்பு தெற்கு மாநிலங்கள் முழுக்கப் பரவியது. மிசிசிப்பியின் தோட்டத் தொழிலாளி ஃபேனி லூ ஹேமரும் இந்தப் பயிற்சிக்கு வந்தவர்தான். 1963 ஜூனில், சார்ல்ஸ்டன் பயிற்சியிலிருந்து ஊர் திரும்பும் வழியில், வினோனா சிறையில் அவரை அடித்து நொறுக்கினார்கள். அடுத்த ஆண்டு அட்லாண்டிக் சிட்டியில், ஜனநாயகக் கட்சி மாநாட்டுக் குழுவின் முன் உட்கார்ந்து அந்த அடியைச் சொன்னார். நாடே தொலைக்காட்சியில் கேட்டது.

இத்தனை பேரை உருவாக்கிய கிளார்க்குக்குக் குடியுரிமை இயக்கத்துக்குள் கிடைத்த மரியாதை வேதனையானது. ஊர்வலத்துக்கு ஊர்வலம் நீங்களே முன்னால் போக வேண்டாம், அந்தந்த ஊரிலேயே தலைவர்களை வளர்க்கலாம் என்று கிளார்க் மார்ட்டின் லூதர் கிங்குக்குக் கடிதம் எழுதினார். தன் அமைப்பின் ஊழியர் கூட்டத்தில் கிங் அதை வாசித்தபோது கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். இதைக் கிளார்க்கே சொல்லியிருக்கிறார். 1963 ஆகஸ்டில் வாஷிங்டன் பேரணியின் முதன்மை உரைகளில் ஒன்றுகூடப் பெண்ணுக்குத் தரப்படவில்லை. இவற்றை அந்தக் காலத்து வழக்கம் என்று விட்டுவிட முடியாது. கிங்கின் பெயர் தெரிந்த பிள்ளைகளுக்குக் கிளார்க்கின் பெயர் தெரியாமல் போனதும் இதன் தொடர்ச்சிதான்.

இன்று கறுப்பினச் சிறுமிகளுக்குத் தலைமைப் பயிற்சி தர முன்வருகிறவர்கள், மேடைப் பேச்சையும் சான்றிதழையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்தச் சிறுமியின் தெருவில் எல்லோரும் நம்பிப் பேசும் பெண் யார், அவளை மிரட்டிப் பணியவைக்க யாரால் முடியும் என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். கிளார்க் அப்படித்தான் விசாரித்தார்.

ராபின்சன் 1972இல் தென் கரோலினா சட்டமன்றத்துக்குப் போட்டியிட்டுத் தோற்றார். பறித்த ஓய்வூதியத்தை மாநிலம் கிளார்க்குக்கு 1976இல்தான் திருப்பித் தந்தது. வேலையிலிருந்து நீக்கிய அதே சார்ல்ஸ்டனின் பள்ளி வாரியத்துக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டபோது எழுபது வயதைத் தாண்டியிருந்தார்.