தண்டவாளம் எழுதிய வடிவம்

பேத்தியை மந்திர் மார்க் பள்ளியிலிருந்து அழைத்துவரப் போகும் நாட்களில், கொஞ்சம் முன்னதாகவே போய் பிர்லா மந்திர் வாசலில் நண்பர்களோடு பேசிக்கொண்டிருப்பது வழக்கம். சென்ற வாரம் ஒருவர் கேட்டார்: "கடிகாரம் இருந்தால் அதைச் செய்தவன் இருக்கத்தானே வேண்டும் சார்? வடிவமைப்பவன் இல்லாமல் நுட்பமான பொருள் தானாக உண்டாகுமா?" ரயில்வேயில் வரைபடங்களோடு காலம் தள்ளியவன், தன் பக்கம்தான் பேசுவான் என்று நினைத்திருப்பார். நான் பேசவில்லை.

ஜப்பானில் 2007-ல் ஓடத் தொடங்கிய என்-700 புல்லட் ரயிலின் மூக்கைப் பாருங்கள். சுரங்கத்துக்குள் வேகமாக நுழையும் ரயில் காற்றை அழுத்தித் தள்ள, மறுமுனையில் வெடிச்சத்தம் கேட்கும். அதைக் குறைக்க 'ஜெனடிக் அல்காரிதம்' என்ற கணக்கு முறையைக் கையாண்டார்கள். கம்ப்யூட்டரில் பல வடிவங்களை உண்டாக்கிச் சோதிப்பது, தேறாதவற்றைக் கழிப்பது, தேறியவற்றைக் கலந்து சிறிது மாற்றி மறுபடி சோதிப்பது. இப்படித் தலைமுறை தலைமுறையாக. நாஸா 2006-ல் அனுப்பிய எஸ்.டி.5 செயற்கைக்கோள்களின் ஆன்டெனாவும் இப்படிப் பிறந்ததுதான். குழந்தை வளைத்துப் போட்ட ஜெம் கிளிப் மாதிரி இருக்கும். என் கீழ் வேலை செய்தவர் யாராவது அப்படி வரைந்திருந்தால் திட்டியிருப்பேன்.

"சத்தம் குறைய வேண்டும் என்று சொன்னவன் மனிதன்தானே?" நண்பர் விடவில்லை.

நியாயமான கேள்வி. இதைத் தட்டிக்கழிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்த ஒரு வரிக்குள் மூக்கின் வளைவுகள் இல்லையே! அவை காற்றின் போக்கிலிருந்து வந்தவை. ஒவ்வொரு சோதனையும் அதில் கொஞ்சத்தை வடிவத்துக்குள் எழுதிவிடுகிறது. உயிரினங்களுக்கு அந்த ஒரு வரியைச் சொல்லவும் ஆள் வேண்டாம்; பிழைத்துக் குட்டி போட்டாலே தேறியதாகக் கணக்கு.

நம் ரயிலிலேயே ஒரு சாட்சி உண்டு. சக்கரத்தின் ஓடுபரப்பை 1-க்கு 20 சாய்வில் கடைந்து அனுப்புவோம். ஓட ஓடத் தண்டவாளம் அதைத் தேய்த்து வேறொரு வளைவுக்குக் கொண்டுவரும். அந்த வளைவு வந்தபின் வடிவம் அதிகம் மாறாது. லக்னோவிலுள்ள ஆர்.டி.எஸ்.ஓ. பிற்பாடு தேய்ந்த சக்கரத்தின் வடிவையே முன்மாதிரியாகக் கொண்டு வரைபடம் போட்டது. அதற்கு 'வொர்ன் வீல் புரொஃபைல்' என்றே பெயர். இது தேய்மானம், பரிணாமம் அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் தண்டவாளம் எழுதியதைத்தானே எஞ்சினியர்கள் படியெடுத்தார்கள்?

நண்பர் கோயில் கோபுரத்தைப் பார்த்தார். "அப்போ, உள்ளே இருக்கிறவர்?"

"நான் தினமும் கும்பிடுகிறவன்தான். கடிகாரத்தைக் காட்டி அவரை நிரூபிக்க வேண்டிய அவசியம் எனக்கு வந்ததில்லை" என்றேன். அவருக்குத் திருப்தியில்லை. அதற்குள் பள்ளி மணி அடித்துவிட்டது.