சூரியன் கிட்ட வந்தா வெயில் காலமா?

போன டிசம்பர்ல நடந்த கதை. ஏழாவது படிக்கிற என் பொண்ணு நோட்டைத் தூக்கிக்கிட்டு வந்து, "அப்பா, வெயில் காலம் ஏன் வருது?"ன்னு கேட்டா. இதெல்லாம் ஒரு கேள்வியான்னு நானும் டீயைக் குடிச்சுக்கிட்டே, "பூமி நீள்வட்டப் பாதையில சுத்துதும்மா. சூரியனுக்குக் கிட்ட போனா வெயில், தள்ளிப் போனா குளிர்"னு சொல்லிட்டேன். மறுநாள் நோட்டுல சிவப்பு மையில பெரிய பெருக்கல் குறி. "எங்கப்பா சொன்னாருன்னு மிஸ்கிட்ட சொன்னேன், எல்லாரும் சிரிச்சாங்க"ன்னா. அதோட விட்டாளா? "தூரம்தான் காரணம்னா உலகம் முழுக்க ஒரே நேரத்துலதானே சுடணும்? மெல்போர்ன்ல டிசம்பர் 26ஆம் தேதி டெஸ்ட் மேட்ச் ஆடுறாங்களே, அங்க மட்டும் எப்படி வெயில்?"

டீ ஆறிப்போச்சு.

அப்புறம்தான் உட்கார்ந்து படிச்சேன். பூமி சூரியனுக்கு ரொம்பக் கிட்ட வர்றது ஜனவரி முதல் வாரத்துல. அதாவது நம்ம மார்கழியில! காதுல மப்ளரைச் சுத்திக்கிட்டு நாம வாக்கிங் போறப்போதான் சூரியன் பக்கத்துல இருக்காரு. ரொம்பத் தள்ளிப் போறது ஜூலை முதல் வாரத்துல. கிட்டன்னா சுமார் 14.7 கோடி கிலோமீட்டர், தூரம்னா 15.2 கோடி. கிடைக்கிற வெளிச்சத்துல இதனால வர்ற வித்தியாசம் சுமார் 7 சதவீதம். கொஞ்சம் உண்டுதான், ஆனா அது நமக்கு எதிர்ப்பக்கமா வேலை செய்யுது.

என்னை மாதிரி உளறினவங்க நிறைய பேர்னு தெரிஞ்சதும் சின்ன ஆறுதல். 1987ல அமெரிக்காவுல ஒரு ஆவணப்படம் எடுத்தாங்க. ஹார்வர்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவுல கவுனும் தொப்பியுமா நின்னவங்ககிட்டயும் பேராசிரியர்கள்கிட்டயும் போய் இதே கேள்வியைக் கேட்டாங்க. 23 பேர்ல 21 பேர் தப்பாச் சொன்னாங்க. ஹார்வர்டே அப்படின்னா நான் எம்மாத்திரம் :-)

ஆனா தப்பு முழுக்க எங்க மேல இல்லைங்கிறது என் கட்சி. நாம படிச்ச புத்தகத்துல இருந்த படத்தை ஞாபகப்படுத்திப் பாருங்க. நடுவுல சூரியன், சுத்தி நாலு பூமி, பாதை என்னவோ முட்டையை அமுக்கி வச்ச மாதிரி. சாய்வாப் பார்க்குற கோணத்துல வரைஞ்சதால அப்படித் தெரியுது, ஆனா பத்து வயசுப் பையனுக்கு அது யார் சொன்னா? உண்மையில அந்தப் பாதை கிட்டத்தட்ட வட்டம். 10 சென்டிமீட்டர் ஆரத்துல வரைஞ்சீங்கன்னா, அகலத்துல குறையுறது பென்சில் கோட்டோட தடிமனைவிடக் கம்மி. அந்தப் படத்தை மனசுல பதிய வச்சுட்டு, கீழே ஒரு வரியில "அச்சு 23½ டிகிரி சாய்ந்துள்ளது"ன்னு எழுதினா எதுங்க மனசுல நிக்கும்?

சாய்வுதான் விஷயம். ஒரு டார்ச்சை சுவத்துக்கு நேரா அடிச்சா சின்னதா, பளிச்சுன்னு ஒரு வட்டம். சாய்ச்சு அடிச்சா அதே வெளிச்சம் நீளமாப் பரவி மங்கிடும். டிசம்பர் 21 மதியம் சென்னையில சூரியன் அடிவானத்துல இருந்து சுமார் 53 டிகிரி உயரத்துல இருக்கும். தலைக்கு நேரா இருந்தா 1 சதுர மீட்டர்ல விழுற வெளிச்சம், இங்க ஒண்ணேகால் சதுர மீட்டர்ல பரவுது. டெல்லியில 38 டிகிரிதான், ஒண்ணரைக்கு மேல பரவுது. லண்டன்ல வெறும் 15 டிகிரி, கிட்டத்தட்ட 4 சதுர மீட்டருக்குப் பங்கு போட்டாகணும். அதுலயும் அங்க பகல் 8 மணி நேரத்துக்கும் கம்மி. நமக்கு 11 மணி நேரத்துக்கு மேல. அவங்களுக்கு ஏன் பனி, நமக்கு ஏன் ஸ்வெட்டர் பரண்லயே கிடக்குதுன்னு இதுலயே விளங்கிடுது.

இதுக்கு அடுத்து வந்த விஷயம்தான் என்னை அசர வச்சுது. புத்தகத்துல ஜூன் 21தான் வடகோளத்துக்கு உச்சம்னு போட்டிருக்கும். லண்டனுக்கு அது சரி. சென்னைக்கு? சூரியன் நம்ம தலைக்கு நேரா வர்றது ஏப்ரல் 24 வாக்குல. அன்னைக்கு மதியம் 12 மணி தாண்டி ஒரு சில நிமிஷத்துல நிமிர்த்தி வச்ச கம்புக்கு நிழலே இருக்காது. அப்புறம் அது நம்மைத் தாண்டி வடக்கே போயிடுது. திரும்பி வந்து ஆகஸ்ட் 18 வாக்குல இன்னொரு தடவை உச்சிக்கு வருது. நடுவுல இருக்குற கிட்டத்தட்ட நாலு மாசமும் மதிய நிழல் தெற்கே விழும். இந்த ஊர்லயே பொறந்து வளர்ந்த எனக்கு இது நாப்பது தாண்டித்தான் தெரியும். "வடக்குப் பார்த்த பால்கனி சார், வெயிலே வராது"ன்னு சொல்லி ஒருத்தர் எனக்கு ஃபிளாட் வித்தாரு. மே, ஜூன் மாசத்துல காலையிலயும் சாயங்காலமும் அங்க வெயில் சரிஞ்சு வந்து அடிக்குறப்பல்லாம் அவரை நினைச்சுக்குவேன்.

அப்போ ஏப்ரல்லயே உச்சின்னா, கத்திரி ஏன் மே 4 வாக்குல ஆரம்பிக்குது? தோசைக்கல்லைப் பாருங்க, அடுப்பு பத்தின உடனேவா காயுது? தரையும் அப்படித்தான், வர்ற சூடு போற சூட்டைவிட அதிகமா இருக்குற வரைக்கும் ஏறிக்கிட்டே இருக்கும். சென்னை நுங்கம்பாக்கத்துல 45 டிகிரி தொட்டது 2003 மே 31ஆம் தேதி. கத்திரி முடிஞ்ச பிறகு! பஞ்சாங்கத்தைப் பார்த்தா அடிக்குது வெயில்? ஜூன்ல மேகமும் சாயங்காலக் கடல்காத்தும் வந்து நம்மைக் கொஞ்சம் காப்பாத்திடுது.

என் கோபமெல்லாம் இதுதான். பனி கொட்டுற மரம், இலை உதிர்ற மரம், பூ பூக்குற மரம்னு நாலு படம் போட்டு நம்ம பசங்களைப் பருவம் படிக்க வைக்கிறோம். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில்னு ஆறாப் பிரிச்சு வச்ச மொழி நம்மது. அதைத் தமிழ்ப் பாடத்துல மனப்பாடம், நாலு பருவத்தை அறிவியல் பாடத்துல மனப்பாடம், ரெண்டும் எங்கயும் சந்திக்கிறதே இல்லை. ஏப்ரல்ல ஒருநாள் பசங்களை மைதானத்துல நிக்க வச்சு "உன் நிழல் எங்கடா?"ன்னு கேட்க ஒரு கம்பு போதுமே? கன்னியாகுமரியில ஏப்ரல் 10 வாக்குல, மத்த ஊர்ல அதுக்கப்புறம் ஒவ்வொரு நாள்னு, தமிழ்நாட்டுல எல்லா ஊருக்கும் அந்த நாள் உண்டு. கொடுமை என்னன்னா அது முழுப்பரீட்சை நேரம். ஆகஸ்ட் நாள்லயாவது பண்ணலாம்.

நாங்க பண்ணிப் பார்த்தோம். ஆகஸ்ட் 18, மொட்டை மாடியில ஒரு பிவிசி குழாயை நட்டு வச்சுக்கிட்டு நானும் அவளும் பதினோரு மணியில இருந்து காவல். பதினொண்ணே முக்கால் வரைக்கும் நிழல் குட்டியாகிக்கிட்டே வந்துச்சு. சரியா அப்போ பார்த்து ஒரு மேகம் வந்து உட்கார்ந்துச்சு பாருங்க, ஒண்ணரை மணி வரைக்கும் நகரலை. "நிழலே இல்லப்பா, சக்ஸஸ்"னு சொல்லிட்டு சாப்பிடப் போயிட்டா. குழாயை எடுக்காம அப்படியே விட்டு வச்சிருக்கேன், ஏப்ரலுக்கு.