கணினிக்குக் கோடிகள், ஆய்வாளருக்குக் காத்திருப்பு

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 2022இல் ‘பரம் பிரவேகா’ மீத்திறன் கணினி நிறுவப்பட்டதை ஒன்றிய அரசு தனது சாதனையாகப் பறைசாற்றியது. 3.3 பெட்டாஃப்ளாப் ஆற்றல் கொண்ட அக்கணினி தானாக எதையும் கண்டுபிடித்துவிடாது. விமான எஞ்சினின் தகட்டில் விரிசல் எவ்வாறு பரவும், ஓர் உலோகக்கலவை எவ்வளவு வெப்பத்தைத் தாங்கும் என்ற கேள்விகளைக் கணக்குகளாக மாற்றி, விடைகளைச் சோதனையோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க, கணக்கீட்டு இயந்திரவியலிலும் பொருளறிவியலிலும் ஆண்டுக்கணக்கில் உழைக்கும் முனைவர் பட்ட ஆய்வாளர்கள் வேண்டும். அவர்களை அரசு எப்படி நடத்துகிறது?

2014இல் 25,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்ட இளநிலை ஆய்வு உதவித்தொகை நான்காண்டுகளுக்கு மேல் அசையவில்லை. 80 சதவீத உயர்வு கோரி பெங்களூரு உட்பட நாடெங்கும் ஆய்வாளர்கள் போராடிய பிறகே, 2019இல் 31,000 ரூபாயானது. கேட்டது 80, கிடைத்தது 24 சதவீதம். 2023இல் அது 37,000 ரூபாயானது. விலைவாசி மாதந்தோறும் ஏறுகிறது. உதவித்தொகையோ போராடினால்தான் ஏறுகிறது. அகவிலைப்படி இல்லை, வருங்கால வைப்பு நிதி இல்லை.

‘நெட்’ தகுதி பெறாத மத்தியப் பல்கலைக்கழக ஆய்வாளருக்கு மாதம் 8,000 ரூபாய்தான். அதையும் 2015இல் நிறுத்த முயன்றது பல்கலைக்கழக மானியக்குழு. மாணவர் போராட்டமே அதைக் காத்தது. சிறுபான்மை ஆய்வாளர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை நிறுத்தப்படுவதாக 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்திலேயே அறிவிக்கப்பட்டது.

பிரதமர் ஆய்வு உதவித்தொகையாக 70,000 முதல் 80,000 ரூபாய் வரை தரப்படுகிறதே என்பது அரசின் வாதம். தேர்ந்தெடுத்த சிலருக்கு வழங்குவதைக் காட்டிப் பலரின் வறுமையை மறைக்கும் தந்திரமே இது. ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே உழைப்புக்கு, இரண்டு மதிப்பா?

நிதி இல்லை என்பதும் பொய். தனியார் துறையின் ஆய்வுக்கெனக் குறைந்த வட்டியிலும் வட்டியில்லாமலும் நீண்டகாலக் கடன் வழங்க, ஒரு லட்சம் கோடி ரூபாய் திட்டத்திற்கு 2025இல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு அறிவித்த 50,000 கோடியிலோ, சுமார் 36,000 கோடியைத் தனியாரிடம் எதிர்பார்க்கிறது அதே அரசு. முதலாளிக்குக் கருவூலம் திறக்கிறது; பொது ஆராய்ச்சி கையேந்தி நிற்கிறது.

இதன் சுமை யார் மீது விழுகிறது? உதவித்தொகை தாமதமானால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை காத்திருக்கலாம். விவசாயத் தொழிலாளியின் மகள் எத்தனை மாதம் காத்திருப்பாள்? இடஒதுக்கீட்டில் இடம் கிடைத்தாலும் வறுமை அவளை வெளியே தள்ளுகிறது. அதே பெங்களூருவில் பன்னாட்டு நிறுவனங்களின் வடிவமைப்பு மையங்கள் அவளுக்காகக் காத்திருக்கின்றன. கணக்கு இங்கே; காப்புரிமை அங்கே. இதற்குப் பெயர் தற்சார்பாம்!

ஆய்வும் உழைப்பே. உதவித்தொகையை விலைவாசிப் புள்ளியுடன் இணைக்க வேண்டும். மாதந்தோறும் தவறாது வழங்க வேண்டும். 8,000 ரூபாய் அவமானத்தை ஒழிக்க வேண்டும். நிறுத்தப்பட்டதை மீட்க வேண்டும். இடஒதுக்கீட்டு இடங்களை முழுமையாக நிரப்ப வேண்டும். ஆய்வாளர்களின் இக்கோரிக்கைகளைத் தொழிற்சங்க இயக்கமும் தன் கோரிக்கைகளாக ஏந்தும்போதுதான் அறிவியல் மக்களின் உடைமையாகும்.