அதிர்ஷ்டத்தின் பெயரால் ஒரு வரி

வரி விதிக்கும் அரசைக் குடிமக்கள் வாழ்த்துவதில்லை. வரி செலுத்துவதற்காக முண்டியடிப்பதுமில்லை. ஆயினும், மக்கள் கடைவாசலில் வரிசையாக நின்று, தாமே மனமுவந்து செலுத்தி, செலுத்திய இரவில் கனவும் காணும் வரி ஒன்று ஐக்கிய அமெரிக்காவில் உண்டு. ‘பவர்போல்’ என்னும் லொத்தரே அது. அதனை வரி என்றால் நடத்துவோர் சினங்கொள்வர். ‘விளையாட்டு’ என்பதே அவர்கள் இட்ட பெயர். பெயர் கிடக்கட்டும், அது இயங்கும் விதத்தைப் பார்ப்போம்.

1964ஆம் ஆண்டில் நியூ ஹாம்ப்சயர் மாநிலம் அரசாங்க லொத்தரை ஆரம்பித்தது. அமெரிக்க மாநிலங்களில் இருபதாம் நூற்றாண்டில் தோன்றிய முதல் அரசாங்க லொத்தர் அதுவே. சம்பளத்தின்மீது வருமான வரியோ, பொதுவான விற்பனை வரியோ அம்மாநிலத்தில் இல்லை என்பது இங்கு கவனிக்கத்தக்கது. வரி விதிக்கத் தயங்கிய கை சாதாரண மனிதனின் சட்டைப்பையை நாடிற்று. பிற மாநிலங்களும் அதே வழியிற் சென்றன. ஆனால் சிறிய மாநிலங்களுக்கு ஓர் இடர்ப்பாடு: சனத்தொகை சிறிதானால் பரிசும் சிறிதாகும், சிறிய பரிசு பெரிய ஆசையை எழுப்பாது. எனவே 1987இல் சில மாநிலங்களின் லொத்தர் நிறுவனங்கள் கூடிப் பன்மாநில லொத்தர்ச் சங்கத்தை அமைத்தன. இலாப நோக்கற்றதெனக் கூறிக்கொள்ளும் அச்சங்கம் 1992இல் பவர்போலைத் தொடங்கிற்று. இன்று 45 மாநிலங்களும், தலைநகர் வாஷிங்டனும், புவெர்ட்டோ ரிக்கோவும், அமெரிக்க வேர்ஜின் தீவுகளும் அதில் அடங்கும்.

ஒழுங்கு எளிமையானது. ஒவ்வொரு மாநிலமும் தன் எல்லைக்குள் சீட்டு விற்கிறது. விற்பனையில் ஏறத்தாழப் பாதி பரிசுகளுக்குச் செல்கிறது. மாபெரும் பரிசுக்குரிய பங்கை எல்லா மாநிலங்களும் தத்தம் விற்பனைக்கேற்பப் பொதுத் தொகையிற் சேர்க்கின்றன. மறுபாதி கடைக்காரரின் தரகுக்கும், நிர்வாகச் செலவுக்கும், மாநிலத் திறைசேரிக்கும் உரியது. வாரம் மூன்று நாள் குலுக்கல். எவருக்கும் விழாவிடின் மாபெரும் பரிசுத் தொகை அடுத்த குலுக்கலோடு சேர்ந்து வளரும்.

இங்கேதான் சூட்சுமம் உள்ளது. பரிசு வளர்ந்தாலன்றிச் சீட்டு பெருவாரியாக விற்காது. எவரும் வெல்லாதிருந்தாலன்றிப் பரிசு வளராது. ஆகவே, மக்கள் தோற்றுக்கொண்டேயிருப்பது இந்த இயந்திரத்தின் பழுதன்று; அதுவே அதன் எரிபொருள்.

இது வீண்பழியென்போர் நடந்ததைப் பார்க்கட்டும். 2012இல் சீட்டின் விலை ஒரு டொலரிலிருந்து இரண்டு டொலராயிற்று. 2015 ஒக்டோபரில் விதியையும் மாற்றினர். அதற்கு முன்னர் மாபெரும் பரிசு விழும் வாய்ப்பு ஏறக்குறைய 17 கோடியே 52 இலட்சத்தில் ஒன்று. மாற்றத்தின் பின் 29 கோடியே 22 இலட்சத்தில் ஒன்று. அதே வேளை, நான்கு டொலர் போன்ற சில்லறைப் பரிசுகளைச் சற்று எளிதாக்கினர். தூண்டிலில் புழு இல்லாமல் மீன் கடிக்குமா? கணக்குப் பிழைக்கவில்லை. 2016 ஜனவரியிலேயே பரிசு 158 கோடி டொலரைத் தாண்டிற்று. நாடே சீட்டு வாங்கிற்று. வாரம் மூன்று சீட்டு வாங்கும் தொழிலாளி ஒருவன் சராசரிக் கணக்கின்படி ஒருமுறை வெல்ல வேண்டுமாயின், 18 இலட்சம் ஆண்டுகளுக்கு மேல் வாங்கியாக வேண்டும்!

விளம்பரத் தொகையேனும் உண்மையா? அது 29 ஆண்டுகளில் 30 தவணைகளாகக் கொடுக்கப்படும் பணத்தின் கூட்டுத்தொகை. 2022 நவம்பரில் கலிபோர்னியாவில் விழுந்த பரிசு 204 கோடி டொலர் என முழங்கப்பட்டது. ஒரே தொகையாகப் பெற விரும்பியவருக்கு உரியது 99 கோடியே 76 இலட்சம் மட்டுமே. அதிலும் வரி கழியும்.

இச்சங்கத்திலேயே ஒரு மோசடி நடந்ததுண்டு. எண்களைத் தெரிவுசெய்யும் கணினியில் இரகசியக் கட்டளையைப் புகுத்திப் பரிசுகளைத் தன்னவர்க்குத் திருப்பியவர், சங்கத்தின் தகவற் பாதுகாப்புப் பணிப்பாளரே! 2017இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 25 ஆண்டுகள்வரையான சிறைத்தண்டனை பெற்றார். நீதி நிலைநாட்டப்பட்டது என்றனர். நன்று. ஆனால் ஒருவன் களவாக வாய்ப்பைத் திருத்தினால் குற்றம். ஒரு சபை கூடிக் கோடிக்கணக்கானோரின் வாய்ப்பைச் சுருக்கினால் அது நிர்வாகத் திறமையா?

“பணம் கல்விக்கன்றோ போகிறது?” என்பர். ஜோர்ஜியா மாநிலம் 1993 முதல் லொத்தர் வருவாயில் உயர்கல்விப் புலமைப்பரிசில் வழங்குகிறது. அது பெறுவோரின் வறுமையை நோக்கி வழங்கப்படுவதன்று. புள்ளிகளை நோக்கி வழங்கப்படுவது. தொடக்கத்தில் இருந்த குடும்ப வருமான வரம்பும் விரைவில் நீக்கப்பட்டது. நல்ல பாடசாலையும் அமைதியான வீடும் வாய்த்த பிள்ளைக்குப் புள்ளி எளிது. தம் வருமானத்தில் பெரிய பங்கைச் சீட்டுக்குக் கொடுப்போரோ வறியோரே. துப்புரவுத் தொழிலாளியின் டொலரில் வசதிபடைத்தோரின் மகன் பட்டம் பெறுவதைக் கல்வித் தொண்டென்று எவ்வாறு அழைப்பது?

“யாரும் கட்டாயப்படுத்தவில்லையே” என்பது அடுத்த வாதம். உண்மைதான், துப்பாக்கி முனையில் எவரும் சீட்டு விற்பதில்லை. ஆனால் நாள்முழுதும் உழைத்தும் வாடகைக்கும் வைத்தியச் செலவுக்கும் அல்லற்படுபவனுக்கு, உழைப்பால் உயரும் வழி அடைபட்டபின், இரண்டு டொலர்க் கதவொன்றைத் திறந்து காட்டுவது எத்தகைய சுதந்திரம்? அவனை மூடன் என்று நகைப்பது எளிது. அவன் வாங்குவது எண்களையன்று. குலுக்கல் நேரம்வரை நிலைக்கும் நம்பிக்கையை. அந்த நம்பிக்கையை அவனுக்கு வேறெங்கும் கிடைக்காமற் செய்த சமுதாய அமைப்பே அதனைச் சில்லறையாக விற்கவும் செய்கிறது.

பாடசாலை வேண்டுமா? அதற்குரிய பணத்தை உள்ளவனிடம் உள்ளதற்கேற்ப வரியாகப் பெறட்டும். அது அரசின் கடமை. அக்கடமையைக் கைவிட்டு, இல்லாதவனின் ஏக்கத்திற்கு விலை குறிப்பது ஆட்சியன்று, வாணிகம். கோடியில் ஒருவனைக் குபேரனாக்கிக் காட்டும் வெளிச்சத்தில், எஞ்சிய கோடிப்பேரின் வெறுங்கை மறைக்கப்படுகிறது. அந்த வெறுங்கைகள் தமக்குள் ஒன்றையொன்று காணும் நாளில், குலுக்கலுக்குக் காத்திருக்க வேண்டிய தேவை எவருக்கும் இராது.