சுந்தராம்பாளின் வெள்ளைச் சேலையும் எமது மண்டபங்களும்

டுசல்டோர்ஃபில் நாம் வாடகைக்கு எடுக்கும் மண்டபங்களில் கே.பி.சுந்தராம்பாளின் குரல் ஒலிக்காத விழா குறைவு. நிகழ்ச்சி தொடங்கப் பிந்தும் (எப்போதும் பிந்தும்) அந்த ஒரு மணித்தியாலத்தில் ஒலிபெருக்கியில் அவர் பாடிக்கொண்டிருப்பார். அப்படி அவர் பாடிக்கொண்டிருந்த ஒரு மாலையில்தான், மங்கள விளக்கேற்ற எழுந்த ஒரு அக்காவை நிர்வாகத்தில் ஒருவர் ஒதுக்கமாகக் கூப்பிட்டு, "குறை நினையாதேங்கோ அக்கா, வேறை ஆரும் ஏத்தட்டும்" என்றார். அன்று மேடையேறிய பிள்ளைகளில் அரைவாசிப்பேர் அந்த அக்காவிடம் பாட்டுப் பழகியவர்கள். அவருடைய கணவர் ஊரில் யுத்தத்தில் இறந்தவர். அக்கா ஒன்றும் பேசவில்லை. நாமும் பேசவில்லை. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறோம்.

யாருடைய குரலை ஒலிக்கவிட்டுக்கொண்டு நாம் இதைச் செய்தோம்?

1908இல் கொடுமுடியில் வறுமையில் பிறந்து, சிறுவயதிலேயே நாடகக் கம்பனியில் சேர்ந்த பெண் அவர். இலங்கை மேடைகள் அவருக்குப் புதியன அல்ல. எஸ்.ஜி.கிட்டப்பாவுடன் அவர் இணைந்ததும் எமது கொழும்பில்தான். கிட்டப்பா பிராமணர், ஏற்கெனவே மணமானவர். சாதியையும் ஊர்வாயையும் பாராமல் சுந்தராம்பாள் அவரைக் கைப்பிடித்தார். வள்ளி திருமணத்தில் இவர் வள்ளி, அவர் முருகன். இரண்டு குரலும் போட்டிக்கு ஏறுவதைக் கேட்கவே சனம் கொட்டகையை நிறைத்தது. 1933இல் முப்பது வயதைத் தொடாமலே கிட்டப்பா இறந்துபோனார். சுந்தராம்பாளுக்கு அப்போது வயது இருபத்தைந்து.

இதற்குப் பிறகு நடந்ததில் எம்மவருக்குப் பிடித்த பகுதி ஒன்றுதான்: வெள்ளைச் சேலை. எந்த நடிகருடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற விரதம். கண்கலங்கிச் சொல்லுவார்கள், 'எங்கடை பண்பாடு' என்பார்கள். அந்த வெள்ளைச் சேலைக்காரி மூலையில் இருக்கவில்லை என்பதைச் சொல்லமாட்டார்கள். 1935இல் 'நந்தனார்' படத்தில் நடிக்க ஒரு இலட்சம் ரூபாய் வாங்கினார். அக்காலத்தில் ஆண் நட்சத்திரங்களுக்கே கனவான தொகை. அதுவும் என்ன வேடம்? ஆண் வேடம். தீண்டாமைக்கு ஆளான பண்ணையாள் நந்தன். பண்ணைக்கார வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். கணவனை இழந்து இரண்டு வருடமும் கழியாத ஒரு பெண் இதைச் செய்தாள். காங்கிரஸ் மேடைகளில் பாடினார். 1958இல் சென்னை மாநிலச் சட்ட மேலவைக்குள் போனார். 'துணைவன்' படப் பாடலுக்காகத் தேசிய விருதும், 1970இல் பத்மஸ்ரீயும் பெற்றார்.

விரதம் அவருடைய தெரிவு. அதில் கருத்துச் சொல்ல எமக்கு உரிமையில்லை. ஆனால் சினிமா அவருக்கு என்ன கொடுத்தது என்று பாருங்கள். 1940இல் துறவி மணிமேகலை. 1953இல் அவ்வையார். நாற்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு நரைமுடி, கையில் கோல். 1964இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள், அடுத்த வருடம் 'திருவிளையாடல்' படத்தில் மீண்டும் அவ்வை. கிழவியாகவோ துறவியாகவோ இருந்தால் மட்டும் விதவை பாடலாம். ஒரு பெண்ணின் சொந்தத் துக்கத்தைச் சட்டமாக்கி மற்றப் பெண்களின் தலையில் கட்டிய சமூகம் இது. அந்தச் சட்டத்தை விமானமேற்றி இங்கே கொண்டுவந்து, றைன் நதிக்கரையில் இறக்கிவைத்திருக்கிறோம்.

"அவ தெய்வப்பிறவி, எங்கடை பெண்டுகளோடை ஒப்பிடலாமோ?" என்று கேட்பார்கள். தெய்வமாக்கிவிட்டால் பின்பற்றத் தேவையில்லை, கும்பிட்டுவிட்டுப் போகலாம். நல்ல வசதி.

இந்த நகரத்துக்கும் இப்படி ஒருத்தி இருந்தாள். இசையமைப்பாளர் றொபேட் சூமன் 1850இல் இங்கே வேலைக்கு வந்தவர். 1854இல் மனம் பேதலித்து இதே றைன் நதியில் குதித்தார். காப்பாற்றப்பட்டு, 1856இல் மனநோய் மருத்துவமனையில் இறந்தார். மனைவி கிளாறா, ஏழு பிள்ளைகளோடு, கறுப்பு உடுத்தி மேடையேறிப் பியானோ வாசித்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். 1891 வரை வாசித்தார். அவருடைய முகத்தை எம்மில் பழைய ஆட்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 1990இல் வெளியான நூறு மார்க் தாளில் இருந்த பெண் அவர்தான். யூரோ வரும்வரை அவரைச் சீட்டுக்குக் கட்டினோம், உண்டியலில் ஊருக்கு அனுப்பினோம். எண்ணினோமே தவிர யாரென்று கேட்கவில்லை.

பொங்கல் விழாவுக்கான நிகழ்ச்சிநிரல் தயாராகிக்கொண்டிருக்கிறது. 'மங்கள விளக்கேற்றல்' என்ற வரிக்கு நேரே இன்னும் பெயர் எழுதப்படவில்லை. அக்காவின் பெயரை எழுதும்படி நாம் ஏழு பேர் கையொப்பமிட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறோம். எழுதாவிட்டால் அன்று சுந்தராம்பாளின் பாட்டையும் போடவேண்டாம் என்று அதில் கேட்டிருக்கிறோம்.