கேபினெட்டைத் தொடாமல் ஒரு தரை

தெலுக் பங்லிமா காராங்கில் அம்மா வீட்டுச் சமையலறையின் லேமினேட் தரை உப்பிவிட்டது. அதன் உட்பகுதி மரநாரை அழுத்திச் செய்தது. இணைப்பு வழியாக ஈரம் இறங்கி உப்பினால் பழைய நிலைக்குத் திரும்பாது. அம்மாவோ தினமும் தண்ணீர் சொட்டச் சொட்டத் துடைப்பவர்.

"கேபினெட்டைக் கழற்றினால்தான் பலகையை எடுக்க முடியும்" என்றார் குத்தகையாளர். அம்மா முகம் வாடிவிட்டது. அப்பா கடைசியாகச் செய்து கொடுத்த கேபினெட் அது.

"ரேடியோவில ஊருக்கே யோசனை சொல்றியே, எனக்கு ஒன்னு சொல்லேன்" என்றார்.

இன்னொரு தச்சரை அழைத்தேன். கேபினெட்டின் கீழே, கால் படும் இடத்திலுள்ள மறைப்புப் பலகையை மட்டும் கழற்றினார். தரைப்பலகையின் தடிமன் 8 மில்லிமீட்டர். அந்த ஆழத்துக்கு மேல் இறங்காதபடி சிறிய மின்ரம்பத்தால் கேபினெட் ஓரமாக நேராக வெட்டினார். வெளியே இருந்தவை வந்துவிட்டன. கேபினெட்டைத் தாங்கும் பலகை காய்ந்தே இருந்ததால் அப்படியே விட்டார். வெட்டிய விளிம்பைச் சிலிக்கோனால் அடைத்த பிறகு டைல்ஸ் பதித்தோம்.

உடைக்கச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். இன்னொருவரையும் கேளுங்கள்.

அம்மா இன்றும் தண்ணீர் சொட்டத்தான் துடைக்கிறார். கேபினெட் பக்கம் வந்தால் மட்டும் துணியை நன்றாகப் பிழிந்துகொள்கிறார்.